நாய்க்கும் பூனைக்கும் எதை, எவ்வளவு கொடுப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் வளரும் நாயோ பூனையோ தனக்கு வேண்டியதைத் தானே தேடிக்கொள்ள முடியாது. கிண்ணத்தில் நாம் வைப்பதுதான் அதன் உடம்பு. இங்கே சொல்லியிருக்கும் அளவுகள் நல்ல உடல்நிலையில் இருக்கும் விலங்குகளுக்கானவை. சிறுநீரகம், கல்லீரல், சர்க்கரை, கணையம் என்று ஏதாவது நோய் இருந்தால் கால்நடை மருத்துவர் தரும் அளவையே பின்பற்றுங்கள்.

ஒரு நாளைக்கு எவ்வளவு உணவு வேண்டும்?

எடையை வைத்துக் கணக்குப் போடலாம். சாதாரண கால்குலேட்டரே போதும். கிலோவில் உள்ள எடையை மூன்று முறை ஒன்றோடொன்று பெருக்குங்கள். வரும் எண்ணுக்கு இரண்டு தடவை வர்க்கமூலம் எடுங்கள். அதை 70-ஆல் பெருக்குங்கள். அசையாமல் படுத்திருந்தாலும் அந்த உடம்புக்கு ஒரு நாளைக்குத் தேவைப்படும் கிலோ கலோரி இது.

10 கிலோ நாய் என்றால் 10 × 10 × 10 = 1000. முதல் வர்க்கமூலம் 31.6, இரண்டாவது 5.62. அதை 70-ஆல் பெருக்கினால் சுமார் 394. கருத்தடை செய்த, வளர்ந்த நாய்க்கு இதை 1.6-ஆல் பெருக்க வேண்டும்; 630 வரும். கருத்தடை செய்யாத நாய்க்கு 1.8. நான்கு மாதம் வரையுள்ள குட்டிக்கு 3, அதற்குப் பிறகு வளர்ந்து முடியும்வரை 2. கருத்தடை செய்த பூனைக்கு 1.2, செய்யாததற்கு 1.4, பூனைக்குட்டிக்கு 2.5. 4 கிலோ எடையுள்ள, கருத்தடை செய்த பூனைக்கு இப்படிப் போட்டால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 240 கிலோ கலோரி வரும்.

இதைக் கிராமாக மாற்றத் தீனிப் பையின் பின்புறம் பாருங்கள். 100 கிராமில் 360 கிலோ கலோரி என்று போட்டிருந்தால் 630-ஐ 3.6-ஆல் வகுங்கள், 175 கிராம். இந்த 175 கிராமைச் சமையலறைத் தராசில் நிறுத்துப் போடுங்கள். கோப்பையால் அளந்தால் ஒரு நாள் தலைதட்டியும் மறுநாள் குவித்தும் விழும். சின்ன நாய்க்கும் பூனைக்கும் தினமும் 10 கிராம் கூடினாலே சில மாதங்களில் உடம்பில் தெரிந்துவிடும்.

கணக்கு என் நாய்க்குச் சரியாக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கணக்கு ஒரு தொடக்கம்தான். ஒரே எடையுள்ள இரண்டு நாய்களின் தேவை கணிசமாக வேறுபடலாம். அதனால் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கையால் தொட்டுப் பாருங்கள்.

ஒரு கையின் விரல்களை நீட்டி, அதன் புறங்கையை மற்றக் கைவிரல்களால் தடவுங்கள். தோலுக்கு அடியில் எலும்புகள் தட்டுப்படும், ஆனால் துருத்தாது. விலா அப்படி இருந்தால் எடை சரி. கையை முஷ்டியாக மடக்கி விரல் முட்டிகளைத் தடவுவது போல விலா குத்தினால் மெலிவு. உள்ளங்கையைத் தடவுவது போல எலும்பே தெரியாமல் மெத்தென்று இருந்தால் பருமன். அடர்ந்த முடியுள்ள இனங்களில் கண் ஏமாற்றும், கை ஏமாற்றாது. பிறகு மேலிருந்து பாருங்கள்: விலாவுக்குப் பின்னால் இடுப்பு உள்வாங்கியிருக்க வேண்டும். பக்கவாட்டில் நாயின் வயிறு பின்னங்காலை நோக்கி மேலேற வேண்டும். பூனைக்கு அடிவயிற்றில் தளர்ந்த தோல் மடிப்பு தொங்குவது இயல்பு. அதை மட்டும் வைத்துப் பருமன் என்று முடிவு கட்ட வேண்டாம்.

மாதம் ஒரு முறை எடை பாருங்கள். பூனையைத் தூக்கிக்கொண்டு எடைப்பொறியில் ஏறி, பிறகு தனியாக ஏறிக் கழித்துக்கொண்டால் போதும். எடை ஏறினால் உணவை 10 சதவீதம் குறைத்து, இரண்டு மூன்று வாரம் பார்த்துவிட்டு அடுத்த முடிவை எடுங்கள்.

சாப்பிட்டு முடித்த பிறகும் ஏக்கமாகப் பார்க்கிறதே, குறைத்துப் போடுவது கொடுமை இல்லையா?

இல்லை. பல நாய்கள் வயிறு நிறைந்த பிறகும் கேட்கும். லாப்ரடார் இனத்தில் பசி அடங்குவதோடு தொடர்புடைய ஒரு மரபணு பல நாய்களில் குறையுள்ளதாகவே இருக்கிறது. அந்தப் பார்வையை நம்பிப் போட்டால் நாம் நேசிக்கும் உயிரின் ஆயுளைத்தான் குறைக்கிறோம். 48 லாப்ரடார் நாய்களைக் குட்டியிலிருந்து கடைசிவரை கவனித்து 2002-இல் வெளியான ஆய்வு ஒன்று இருக்கிறது. ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளை இணை இணையாகப் பிரித்து, ஒன்றுக்கு மற்றதைவிட 25 சதவீதம் குறைவாக உணவு கொடுத்தார்கள். குறைவாகச் சாப்பிட்டவற்றின் இடைநிலை ஆயுள் 13 ஆண்டு, மற்றவற்றுக்கு 11.2 ஆண்டு. மூட்டுத் தேய்மானமும் மெலிந்த நாய்களுக்குத் தாமதமாகவே வந்தது.

கொறிக்கக் கொடுப்பதை நாளின் கலோரியில் பத்தில் ஒரு பங்குக்குள் நிறுத்துங்கள். அந்த அளவை உணவிலிருந்து கழித்தும் விடுங்கள். 5 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்கு வேண்டியது சுமார் 375 கிலோ கலோரி. 30 கிராம் பாலாடைக்கட்டியில் 120 கிலோ கலோரி இருக்கிறது, அதாவது நாளின் மூன்றில் ஒரு பங்கு. வீட்டில் நான்கு பேர் ஆளுக்கொரு துண்டு போட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. காலையில் அன்றைய தீனியை நிறுத்து ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள்; யார் கொடுத்தாலும் அதிலிருந்து எடுத்துத்தான் கொடுக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டால் சிக்கல் தீரும். வேகவைத்த பீன்ஸ், கேரட் துண்டு, வெள்ளரித் துண்டு எல்லாம் நாய்க்குக் குறைந்த கலோரியில் வாய்க்கு வேலை கொடுக்கும்.

எடை குறைக்க வேண்டிய நாய்க்கு, இருக்கும் எடையை விட்டுவிட்டு இருக்க வேண்டிய எடைக்கு மேலே சொன்ன கணக்கைப் போட்டு 1-ஆல் பெருக்குங்கள், பூனைக்கு 0.8. நாய் வாரத்துக்கு உடல் எடையில் 1 முதல் 2 சதவீதம், பூனை 0.5 முதல் 1 சதவீதம் குறைந்தால் நல்ல வேகம். பருமனான பூனையின் உணவைத் திடீரென்று வெட்டாதீர்கள்; காரணம் பின்னால் வருகிறது.

நாய்த் தீனியையே பூனைக்கும் போடலாமா?

ஒரு வேளை திருடித் தின்றால் ஒன்றும் ஆகாது. தினமும் கூடாது. பூனை முழுக்க முழுக்க ஊனுண்ணி. நாயின் உடல் தானே உண்டாக்கிக்கொள்ளும் சில பொருள்களைப் பூனையால் போதுமான அளவு உண்டாக்க முடியாது: டாரின், அராக்கிடோனிக் அமிலம், நியாசின், வைட்டமின் ஏ. கேரட்டில் உள்ள பீட்டா கரோட்டினை வைட்டமின் ஏ-யாக மாற்றவும் அதற்கு வராது. இவை எல்லாம் விலங்குத் திசுவில்தான் தயாராகக் கிடைக்கின்றன.

இவற்றில் டாரின் குறைபாடு பொல்லாதது. விழித்திரை மெல்ல மெல்ல அழியும். இதயத் தசை மெலிந்து இதயம் வீங்கும். 1987-இல் இந்தத் தொடர்பு கண்டுபிடிக்கப்பட்ட பிறகுதான் பூனைத் தீனிகளில் டாரின் அளவைக் கூட்டினார்கள். அந்த இதய நோயும் வெகுவாகக் குறைந்தது. டாரின் தண்ணீரில் கரையும். இறைச்சியை வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டினால் அதுவும் போய்விடும். பார்வை போவதற்குப் பல மாதங்கள் ஆகும் என்பதால், பூனை நன்றாகத்தானே இருக்கிறது என்று நாமும் நம்பிக்கொண்டிருப்போம்.

மறுபக்கம், பூனைத் தீனியில் நாய்க்குத் தேவைக்கு மேல் கொழுப்பும் புரதமும் உண்டு. நாய் அதை ஆசையாகத் தின்னும், பருக்கும். கணையம் பலவீனமான நாய்க்கு ஆபத்து. பூனைக் கிண்ணத்தை நாய் ஏற முடியாத உயரத்தில் வைப்பதே எளிய வழி.

வீட்டில் சமைத்துப் போடுவதுதானே நல்லது?

சரியாகச் செய்தால் நல்லது. ஆனால் கறியும் சோறும் கொஞ்சம் காய்கறியும் சேர்த்தால் முழு உணவு ஆகிவிடாது. கலிபோர்னியாவின் டேவிஸ் கால்நடை மருத்துவக் கல்லூரியினர், வளர்ந்த நாய்களுக்கான 200 வீட்டுச் சமையல் குறிப்புகளைச் சோதித்து 2013-இல் முடிவை வெளியிட்டார்கள். அவற்றில் 95 சதவீதத்தில் ஏதாவது ஓர் அத்தியாவசியச் சத்தாவது தேவையைவிடக் குறைவாக இருந்தது. எழுதியவர்களில் கால்நடை மருத்துவர்களும் உண்டு.

முதலில் அடிபடுவது கால்சியம். எலும்பில்லாத இறைச்சியில் பாஸ்பரஸ் கால்சியத்தைப் போலப் பதினைந்து மடங்குக்கும் மேல் இருக்கும். நாய்க்கு வேண்டியதோ, ஒரு பங்கு பாஸ்பரஸுக்கு ஒன்று முதல் இரண்டு பங்கு கால்சியம். உணவில் கால்சியம் கிடைக்காவிட்டால் உடல் தன் எலும்பிலிருந்தே அதை உருவிக்கொள்ளும். வளர்ந்த விலங்கில் இது தெரிய வெகுகாலம் ஆகும். குட்டியில் சில வாரங்களிலேயே கால் வளையும், நொண்டும். கட்டிலிலிருந்து குதித்தால்கூட எலும்பு முறியும். இறைச்சி மட்டுமே தின்று வளர்ந்த பூனைக்குட்டிகளில் இது அடிக்கடி காணப்படும் கோளாறு.

முட்டை ஓடு நல்ல கால்சிய மூலம். கழுவி, சூடான அடுப்பில் பத்து நிமிடம் உலர்த்தி, மாவாகும்வரை மிக்ஸியில் அரைத்துச் சலித்துக்கொள்ளுங்கள். கரடுமுரடாக இருந்தால் சரியாக உட்கிரகிக்காது. ஓட்டுப்பொடியின் எடையில் சுமார் 38 சதவீதம் கால்சியம். நாய் உண்ணும் ஒவ்வொரு 1000 கிலோ கலோரிக்கும் 1.25 கிராம் கால்சியம் வேண்டும். நம் 10 கிலோ நாய் 630 கிலோ கலோரி சாப்பிட்டால் 0.8 கிராம், அதற்கு ஓட்டுப்பொடி 2 கிராமுக்குச் சற்று மேல், அரைத் தேக்கரண்டிக்கும் குறைவு. குட்டிகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

கால்சியத்தைச் சரிசெய்த பிறகும் துத்தநாகம், செம்பு, அயோடின், கோலின், வைட்டமின் டி, வைட்டமின் ஈ ஆகியவை குறையும். இவற்றைக் காய்கறி மாற்றி மாற்றிப் போட்டு ஈடுகட்ட முடியாது. விலங்கு உணவியல் படித்த மருத்துவர் அந்த விலங்கின் எடை, வயது, நோய் பார்த்து எழுதிக் கொடுக்கும் குறிப்பும், அதில் சொல்லப்படும் தாது-வைட்டமின் கலவையும் தேவை. குறிப்பு கிடைத்த பிறகு எண்ணெயை மாற்றுவது, ஈரலைக் கூட்டுவது, பொடியை விட்டுவிடுவது என்று நம் இஷ்டத்துக்குக் கை வைத்தால் கணக்கே மாறிவிடும். ஈரல் சத்தானது என்று பூனைக்குத் தினமும் கொடுப்பவர்கள் கவனிக்க வேண்டும்: அதில் உள்ள வைட்டமின் ஏ உடலில் சேர்ந்துகொண்டே போய், கழுத்தெலும்புகளை ஒன்றோடொன்று ஒட்ட வைத்துவிடும். பிறகு பூனையால் திரும்பித் தன் முதுகை நக்கக்கூட முடியாது.

முழு நேரமும் சமைக்க முடியாதவர்களுக்கு நடுவழி உண்டு. முழுமையான கடைத் தீனியில் 90 சதவீதம். மேலே உப்பு, மசாலா போடாத வேகவைத்த கோழியோ முட்டையோ 10 சதவீதம்.

பச்சை இறைச்சி?

நாங்கள் பரிந்துரைப்பதில்லை. சால்மோனெல்லா, லிஸ்டீரியா போன்ற கிருமிகள் நாய்க்கு ஒன்றும் செய்யாமல் போகலாம். ஆனால் எச்சில், மலம், கிண்ணம், வெட்டும் பலகை வழியாக வீட்டுக் குழந்தைக்கும் முதியவருக்கும் வரும். உறைய வைத்தால் கிருமி சாகாது, தூங்கும். 2024 டிசம்பரில் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், உறைய வைத்த பச்சை வான்கோழித் தீனி தின்ற வீட்டுப் பூனை ஒன்று பறவைக் காய்ச்சலால் இறந்தது; தீனியிலும் பூனையிலும் இருந்தது ஒரே வைரஸ் என்பதும் உறுதியானது. சில வகைப் பச்சை மீன்களில் வைட்டமின் பி1-ஐ அழிக்கும் நொதி உண்டு. அவற்றையே தொடர்ந்து தின்னும் பூனையின் தலை மார்பை நோக்கிக் கவிழும், தள்ளாடும், வலிப்பும் வரும். வேகவைத்தால் அந்த நொதி அழிந்துவிடும்.

எங்கள் வீட்டில் எல்லோரும் சைவம். நாயையும் பூனையையும் அப்படியே வளர்க்கலாமா?

நாய்க்கு முடியும். ஓநாயிலிருந்து பிரிந்து மனிதரோடு வாழத் தொடங்கிய பிறகு மாவுச்சத்தைச் செரிக்கும் மரபணு நாயில் பல பிரதிகளாகப் பெருகியிருக்கிறது. முழுமையான உணவு என்று வகுக்கப்பட்ட சைவத் தீனியும், ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை மருத்துவப் பரிசோதனையும் இருந்தால் நாய் நலமாக வாழும். சோறும் பருப்பும் மட்டும் என்றால் முடியாது.

பூனைக்கு வேண்டாம். மேலே சொன்ன சத்துகளை எல்லாம் செயற்கையாகச் சேர்த்த தீனிகள் இருந்தாலும் சிறு பிழைக்கும் இடமில்லாத விஷயம் அது. இறைச்சி வீட்டுக்குள் வரக்கூடாது என்பது உறுதி என்றால் முயலோ கினிப்பன்றியோ அந்த வீட்டுக்குப் பொருத்தமான துணை.

தீனிப் பையில் எதைப் படிக்க வேண்டும்?

முன்பக்கப் படத்தை விட்டுவிடுங்கள். பின்பக்கத்தில் ‘முழுமையான உணவு’ என்றும், எந்த வயதுக்கு என்றும் ஒரு வரி இருக்கும். ‘துணை உணவு’ என்றோ ‘இடையிடையே கொடுக்க’ என்றோ இருந்தால் அது தனி உணவாக ஆகாது. விலையுயர்ந்த ஈரத் தீனிகள் பல இந்த வகை. பூனை அதையே கேட்கிறது என்று அதையே போட்டுப் பழக்கிவிடுகிறார்கள்.

அடுத்து புரத அளவு. ஈரத் தீனியில் 10 சதவீதம், உலர் தீனியில் 30 சதவீதம் என்று போட்டிருந்தால் உலர் தீனிதான் உசத்தி என்று தோன்றும். தண்ணீரைக் கழித்துப் பாருங்கள். ஈரத் தீனியில் ஈரப்பதம் 78 என்றால் மீதி 22. அந்த 22-இல் 10 புரதம், அதாவது 45 சதவீதம். உலர் தீனியில் ஈரப்பதம் 10 என்றால் மீதி 90. அதில் 30, அதாவது 33 சதவீதம்.

பொருள்களின் பட்டியல் எடை வரிசையில் இருக்கும், தண்ணீரும் எடைதான். அதனால் முதலில் ‘கோழி’ என்று இருப்பதற்குத் தரத்தில் பெரிய பொருள் இல்லை. தானியம் இல்லாதது என்ற விளம்பரத்துக்கும் அப்படியே. தானியத்தை நீக்கிப் பட்டாணி, பருப்பு வகைகளை நிரப்பிய தீனிகளுக்கும் நாய்களின் இதயத் தசை நோய்க்கும் தொடர்பு இருக்கலாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2018 ஜூலையில் எச்சரித்து விசாரணையைத் தொடங்கியது. அதுதான் காரணம் என்று இன்னும் நிறுவப்படவில்லை. மருத்துவர் சொல்லாமல் தானியத்தைத் தவிர்க்க ஒரு காரணமும் இல்லை என்பதே எங்கள் கருத்து.

உலர் தீனியா, ஈரத் தீனியா?

நாய்க்கு எது ஒத்துவருகிறதோ அது. பூனைக்கு ஈரத் தீனி ஒரு வேளையாவது நல்லது. 240 கிலோ கலோரி வேண்டிய பூனை அதை முழுக்க ஈரத் தீனியில் தின்றால் உணவோடு சுமார் 200 மி.லி. தண்ணீரும் உள்ளே போகும். உலர் தீனியில் ஐந்தாறு மி.லி. மட்டுமே. பூனைக்கு இயல்பிலேயே தாகம் குறைவு. மீதியை அது முழுதாகக் குடித்து ஈடுகட்டாது, சிறுநீர் அடர்த்தியாகும். ஆண் பூனை சிறுநீர் கழிக்க உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்து ஒன்றும் வரவில்லை என்றால் அது அடைப்பு. விடியும்வரை காத்திருக்காதீர்கள்.

தண்ணீர்க் கிண்ணத்தைத் தீனிக்குப் பக்கத்தில் வைக்காமல் வேறு வேறு இடங்களில் இரண்டு மூன்றாக வையுங்கள். ஒரு நாளில் நாய் கிலோவுக்கு 100 மி.லி.க்கு மேலும் பூனை கிலோவுக்கு 50 மி.லி.க்கு மேலும் குடித்தால் இரத்தம், சிறுநீர் பரிசோதனை தேவை.

எவையெல்லாம் விஷம்? எவ்வளவு தின்றால் ஆபத்து?

*சைலிட்டால்.* சர்க்கரை இல்லாத சூயிங்கம், மிட்டாய், பற்பசை, சில கடலை வெண்ணெய்களில் இருக்கும் இனிப்பு. நாயின் கிலோ எடைக்கு 0.1 கிராம் போதும், இரத்தச் சர்க்கரை அரை மணி, ஒரு மணி நேரத்துக்குள் சரியும். 0.5 கிராமைத் தாண்டினால் கல்லீரல் செயலிழக்கலாம். சில கம்மில் ஒரு துண்டிலேயே ஒரு கிராம் வரை இருக்கும். 10 கிலோ நாய்க்கு அந்த ஒன்றே ஆபத்து.

*சாக்லேட்.* அதில் உள்ள தியோபுரோமினை நாய் மெதுவாகவே வெளியேற்றும். கிலோவுக்கு 20 மில்லிகிராமில் வாந்தியும் படபடப்பும் தொடங்கும். 40-50-இல் இதயத் துடிப்பு தாறுமாறாகும். 60-இல் வலிப்பு வரும். பால் சாக்லேட் ஒரு கிராமில் சுமார் 2 மில்லிகிராம். கேக் செய்யும் இனிப்பில்லாத சாக்லேட்டில் 14-16. ஆகவே 10 கிலோ நாய்க்கு முதல் அறிகுறி வர, பால் சாக்லேட் 100 கிராம் வேண்டும். மற்றது 15 கிராமே போதும்.

*திராட்சை, உலர்திராட்சை.* பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது. ஒரு நாய் ஒரு கொத்து தின்று சும்மா இருக்கும், இன்னொன்றுக்குச் சிலவற்றிலேயே சிறுநீரகம் கெடும். இதற்குக் காரணம் டார்ட்டாரிக் அமிலம் என்று இப்போது கருதுகிறார்கள். அதே அமிலம் நிறைந்த புளியைத் தின்ற நாய்களிலும் சிறுநீரகப் பாதிப்பு பதிவாகியிருக்கிறது. புளியையும் எட்டாத இடத்தில் வையுங்கள்.

*வெங்காயம், பூண்டு.* இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். பூனைக்குக் கிலோவுக்கு 5 கிராம் வெங்காயம், நாய்க்கு 15 முதல் 30 கிராம் போதும். சமைத்தாலும் உலர்த்தினாலும் விஷம் போகாது. பொடியில் இன்னும் செறிவு. பாதிப்பு தெரியச் சில நாள் ஆகும்: ஈறு வெளுக்கும், சோர்வு, சிறுநீர் பழுப்பாகும். கொஞ்சம் கொஞ்சமாகத் தினமும் போனாலும் இதே கதிதான். வீட்டுக் குழம்பைச் சோற்றில் பிசைந்து போடும் பழக்கத்தை விடச் சொல்வது இதனால்தான்.

மக்கடாமியா கொட்டை, மது, ஈஸ்ட் சேர்த்துப் புளிக்கும் பச்சை மாவு ஆகியவையும் வேண்டாம். லில்லி மலரின் மகரந்தத்தை நக்கினால்கூடப் பூனையின் சிறுநீரகம் போகும்; அந்தப் பூவைப் பூனை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள்.

தின்றுவிட்டால் உறையையும் மீதியையும் எடுத்துக்கொண்டு, எப்போது, எவ்வளவு என்பதைக் குறித்து மருத்துவரை உடனே அழையுங்கள். வாந்தி எடுக்க வைப்பது முதல் ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள்தான் பெரிதும் பயன்படும், அதையும் அவரே செய்யட்டும். உப்புக் கரைசல் ஊற்றாதீர்கள். அந்த உப்பே மூளையைத் தாக்கிக் கொல்லும்.

பாலும் எலும்பும்?

வளர்ந்த நாய்க்கும் பூனைக்கும் பால் தேவையில்லை, பலவற்றுக்குப் பேதியாகும். சமைத்த எலும்பு எதுவாக இருந்தாலும் வேண்டாம். வெந்த எலும்பு கூராகச் சிலும்பித் தொண்டையில் குத்தும், குடலைக் கிழிக்கும்.

தீனியை மாற்றினால் பேதியாகிறது. என்ன செய்வது?

ஒரே நாளில் மாற்றியிருப்பீர்கள். முதல் இரண்டு மூன்று நாள் புதியது கால் பங்கு, அடுத்த இரண்டு மூன்று நாள் பாதி, பிறகு முக்கால், பிறகு முழுதும். 7 முதல் 10 நாள் ஆகட்டும். மலம் இளகினால் முந்தைய படிக்குத் திரும்பி இரண்டு நாள் நிறுத்துங்கள். பிடிவாதமான பூனைக்குக் கலக்காமல் பழையதன் பக்கத்தில் புதியதைத் தனித் தட்டில் வையுங்கள். கலந்தால் சில பூனைகள் பழையதையும் வெறுத்துவிடும்.

குட்டிகளுக்கு எதில் கவனம் வேண்டும்?

மூன்று, நான்கு வாரத்தில் கூழ் பதத்தில் தொடங்கி ஏழு, எட்டு வாரத்துக்குள் தாய்ப்பாலை மறக்கும். நான்கு மாதம் வரை நாளுக்கு நான்கு வேளை, ஆறு மாதம் வரை மூன்று, பிறகு இரண்டு.

பெரிய இன நாய்க்குட்டிக்குத்தான் அதிகம் கவலைப்பட வேண்டும், அதுவும் கூடுதலாகக் கொடுத்துவிடுவது பற்றி. குட்டிக் குடலுக்குத் தேவைக்கு மேல் வரும் கால்சியத்தைத் தடுக்கத் தெரியாது. சத்தான தீனிக்கு மேல் கால்சிய மருந்தும் ஊற்றினால் எலும்பு வளர்ச்சி கோணும், குருத்தெலும்பு பிளக்கும். வளர்ந்தால் 32 கிலோவைத் தாண்டும் நாய்களின் குட்டிகளுக்கும் ஏற்றது என்று எழுதியிருக்கும் தீனியை வாங்கி, அதற்கு மேல் ஒன்றும் சேர்க்காமல், விலா தட்டுப்படும்படி மெலிவாக வளருங்கள். கொழுகொழுவென்று வேகமாக வளர்ந்த குட்டிக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு வரும் வாய்ப்பு அதிகம்.

பூனை இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. பசித்தால் தானே வராதா?

வராது, காத்திருக்காதீர்கள். நாயைப் போலப் பூனை பட்டினி தாங்காது. சாப்பிடாத பூனையின் உடல் கொழுப்பைக் கரைத்துக் கல்லீரலுக்கு அனுப்பும். கல்லீரல் அதைக் கையாள முடியாமல் கொழுப்பில் மூழ்கும். சில நாளில் காதின் உள்புறமும் ஈறும் மஞ்சளாகும். பருமனான பூனைக்கு இது இன்னும் வேகமாக வரும். ஒரு நாள் முழுக்க எதுவும் தொடவில்லை என்றால் மருத்துவரிடம் போங்கள். அதுவரை தீனியை உடல் சூட்டுக்கு வெதுவெதுப்பாக்கிப் பாருங்கள், மணம் எழும். மூக்கடைத்த பூனைக்கு மணம் தெரியாததே சாப்பிடாததற்குக் காரணமாக இருக்கலாம்.

வாந்தி, பேதி என்றால்?

வளர்ந்த நாய், சுறுசுறுப்பாக இருக்கிறது, ஒன்றிரண்டு தடவைதான் என்றால் தோலில்லாத வேகவைத்த கோழி ஒரு பங்கு, குழைந்த சோறு இரண்டு பங்கு. சிறு அளவாக ஐந்தாறு வேளை, இரண்டு மூன்று நாள். இரத்தம் கலந்தாலோ, தண்ணீரும் தங்காவிட்டாலோ, குட்டி என்றாலோ உடனே மருத்துவர். வயிறு உப்பி, ஓங்கரித்தும் ஒன்றும் வெளியே வராமல் தவிக்கும் பெரிய நாய்க்கு இரைப்பை முறுக்கியிருக்கலாம். நிமிடங்களில் புறப்பட வேண்டும். அத்தகைய நாய்களுக்கு ஒரே வேளையில் மொத்தமாகப் போடாமல் இரண்டு மூன்றாகப் பிரித்து, அவசரமாக விழுங்காதபடி மேடுபள்ளக் கிண்ணத்தில் போடுவது நல்லது.

எப்போதும் சொறிகிறது. உணவு ஒவ்வாமையா?

பெரும்பாலும் தெள்ளுப்பூச்சிதான் காரணம். முதலில் அதைத் தீர்த்துவிடுங்கள். உணவு என்றால் இரத்தப் பரிசோதனையோ முடிப் பரிசோதனையோ நம்பகமாகச் சொல்லாது. இதுவரை தின்றே இராத புரதத்தையோ, மருத்துவர் தரும் சிதைக்கப்பட்ட புரதத் தீனியையோ 8 வாரம் மட்டும் கொடுத்து, பிறகு பழைய உணவுக்குத் திரும்பிச் சொறி மீண்டும் வருகிறதா என்று பார்க்க வேண்டும். இடையில் ஒரு பிஸ்கட் போட்டாலும் சோதனை கெடும்.

முயல், கினிப்பன்றி, கிளி வளர்க்கிறோம்.

முயலுக்கு உணவில் எண்பது சதவீதத்துக்கு மேல் உலர்புல். பல் நிற்காமல் வளரும். புல்லை அரைத்து அரைத்துத்தான் தேயும். பன்னிரண்டு மணி நேரம் தின்னாமல் இருந்தால் குடல் நின்றுவிட்டதாகக் கருதி ஓடுங்கள். கினிப்பன்றியின் உடல் வைட்டமின் சி-யை உண்டாக்காது. தினமும் குடைமிளகாய்த் துண்டு, கீரை வேண்டும். தண்ணீரில் கலந்தால் சத்து சில மணியில் அழிந்துவிடும். கிளிக்குச் சூரியகாந்தி விதை மட்டும் போட்டால் வைட்டமின் ஏ குறையும், மூச்சுக்குழல் நோய் வரும். அவகாடோ எந்தப் பறவைக்கும் கூடாது.

மாத்திரையைத் தீனியில் கலந்து கொடுக்கலாமா?

முழுக் கிண்ணத்தில் கலக்காதீர்கள். பாதியை விட்டால் பாதி மருந்து போச்சு. கசப்பு தெரிந்தால் அந்தத் தீனியையே வெறுத்துவிடும். ஈரத் தீனியில் மூன்று சிறு உருண்டை பிடியுங்கள். முதலாவது வெறும் உருண்டை, இரண்டாவதில் மாத்திரை, அதை விழுங்கும்போதே மூக்குக்கு நேரே மூன்றாவது. அடுத்ததைப் பிடிக்கும் அவசரத்தில் நாய் நடுவில் உள்ளதை மெல்லாது. எந்த மாத்திரையையும் கேட்காமல் பொடிக்க வேண்டாம்; சில வயிற்றில் மெதுவாகக் கரையும்படி செய்யப்பட்டவை. பூனைக்கு வாயைத் திறந்து போட்டால், பிறகு ஊசியில்லாத சிரிஞ்சில் 5 மி.லி. தண்ணீரை வாயின் ஓரமாகச் சொட்டுச் சொட்டாகவோ, ஒரு கரண்டி ஈரத் தீனியோ கொடுத்தாக வேண்டும். டாக்சிசைக்கிளின் போன்ற மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டால் அங்கே புண்ணாகிக் குழாய் சுருங்கிவிடும்.